நாற்காலிக் கணக்கு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீர்ப்பு நமக்கு எதிராக வந்து நாம் தெருவில் இறங்கினால், ‘நீதிமன்றத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள்’ என்று நமக்கு உபதேசம் செய்வார்கள். சரி, தீர்ப்பு ஆள்கிறவனுக்கு எதிராக வந்தால் அவன் என்ன செய்கிறான்? அவனுக்குத் தெருவில் இறங்க வேண்டிய அவசியமில்லை. அவன் நீதிபதிகளின் நாற்காலிகளை எண்ணுகிறான். ஐந்து இருக்கிறதா, பதினொன்றாக்கு. பத்து இருக்கிறதா, ஏழாக்கு. அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் அடுத்த தீர்ப்பு மாறிவிடுகிறது. அந்த வித்தையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கவிதை எழுதுகிறவன், பேங்கில் கவுன்ட்டரில் உட்காருகிறவன். சட்டத்தைவிட எனக்குக் கணக்குதான் பழக்கம். சாயங்காலம் கேஷ் கட்டும்போது பத்து ரூபாய் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. எந்த வவுச்சரில் விட்டோம் என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளைப் பதின்மூன்று ஆக்க ஒரு மசோதா வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சாயங்காலப் புத்திதான் வந்தது. நாலு நாற்காலி கூடுகிறது. இது யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று? அந்தக் கேள்வியோடு பின்னால் போகப்போக, கணக்கு முழுக்க அடிமை முறையிலும் நிறவெறியிலும்தான் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் இதை உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவுக்குப் போகும் முன் தென்னாப்பிரிக்காவை ஒரு எட்டு பார்த்துவிடலாம். ஏனென்றால் அங்கே நோக்கத்தை மூடி மறைக்க யாரும் அதிகம் சிரமப்படவில்லை.

கேப் மாகாணத்தில் சொத்து, படிப்புத் தகுதியோடு வெள்ளையரல்லாத ஆண்களுக்கும் பொதுப் பட்டியலில் ஓட்டு இருந்தது. அந்த ஓட்டைப் பறிக்க வேண்டுமென்றால் இரண்டு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு நிறைவேற்ற வேண்டும் என்று 1909-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டுப் போட்டிருந்தது. 1936-இல் அந்தப் பூட்டை முறைப்படியே திறந்து ஆப்பிரிக்க வாக்காளர்களைப் பொதுப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளினார்கள். மிஞ்சியது ‘கலர்டு’ என்று அரசு பெயர் வைத்திருந்த கலப்பின மக்களின் ஓட்டு. 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி அதையும் பறிக்க நினைத்தது. மூன்றில் இரண்டு பங்கு பலம் அதற்கு இல்லை. 1951-இல் சாதாரணப் பெரும்பான்மையிலேயே சட்டம் போட்டது. 1952 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். நாடாளுமன்றமே ஒரு உயர்ந்த நீதிமன்றம் என்று இன்னொரு சட்டம் போட்டது அரசு. அந்த ஆண்டு நவம்பரில் அதுவும் செல்லாது என்றாகிவிட்டது.

அப்புறம்தான் நாற்காலிக் கணக்கு. 1955-இல் ஸ்ட்ரைடம் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடாளுமன்றச் சட்டம் செல்லுமா என்ற வழக்கை இனிமேல் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். பெரிய வழக்கை நிறையப் பேர் கேட்டால் நல்லதுதானே! அந்தச் சாக்கில் ஐந்து புது நீதிபதிகளை அரசே போட்டது. அதே ஆண்டில் செனட்டையும் 48 பேரிலிருந்து 89 பேராக ஊதியது. மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. 1956-இல் ஓட்டைப் பறித்தார்கள். வழக்கு வந்தபோது பதினொருவரில் பத்துப் பேர் ‘செல்லும்’ என்றார்கள். ஷ்ரைனர் என்ற ஒரே ஒரு நீதிபதி மறுத்து எழுதினார்.

இந்தக் கதையைச் சொன்னவுடன் ஒரு தோழர், ‘அப்போ நாற்காலியைக் கூட்டுவதே ஆதிக்கக்காரன் வேலை, எதிர்க்க வேண்டியதுதான்’ என்றார். அப்படி முடித்துவிட முடிந்தால் நான் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை. அமெரிக்கக் கதை அவ்வளவு நேராக இல்லை.

*

அமெரிக்க அரசியல் சட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு எத்தனை நீதிபதிகள் என்று எண்ணே கிடையாது. அதைக் காங்கிரஸ் சாதாரணச் சட்டம் போட்டு முடிவு செய்யலாம். 1789-இல் ஆறு. 1801-இல், தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போகவிருந்த ஃபெடரலிஸ்டுகள், அடுத்த காலியிடம் வரும்போது ஐந்தாகக் குறையும் என்று சட்டம் போட்டார்கள். புதிதாக வரும் ஜெஃபர்சன் ஒரு ஆளை நியமித்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. மறுவருடமே அதை ரத்து செய்தார்கள். 1807-இல் ஏழு. 1837-இல் ஒன்பது.

இந்த 1837-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு வட்டாரம் உண்டு, அவர் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்க வேண்டும். மேற்கே புது மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, வேலை கூடிவிட்டது, ஒன்பது வட்டாரம் வேண்டும் என்றார்கள். வேலை கூடியது பொய்யில்லை. ஆனால் அந்த ஒன்பது வட்டாரங்களை எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். ஐந்து வட்டாரங்கள் முழுக்க முழுக்க அடிமை வைத்திருக்கும் மாநிலங்கள். மக்கள்தொகையில் வடக்கு பெரியது, நாற்காலியில் தெற்கு பெரியது. நம்ம ஊரில் பஞ்சாயத்து வார்டு பிரிக்கும்போது சேரியை இரண்டாக வெட்டி ஊர்த்தெருக்களோடு ஒட்டுவார்களே, அந்தக் கைவேலை அங்கேயும் தெரிந்திருக்கிறது.

இருபது வருடம் கழித்து, 1857 மார்ச் 6. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை, அடிமை முறை இல்லாத மண்ணில் தன்னை வைத்திருந்ததால் தான் சுதந்திர மனிதன் என்று வழக்குப் போட்டிருந்தார். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது, அதனால் இந்த நீதிமன்றத்தில் வந்து நிற்கவே அவருக்கு உரிமை இல்லை என்று தலைமை நீதிபதி டானி எழுதினார். ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். ஏழு பேரில் ஐந்து பேர் அடிமை மாநிலத்துக்காரர்கள். கோயிலுக்குள் வராதே, கிணற்றைத் தொடாதே என்று நமக்குச் சொன்னார்கள். அவருக்கு நீதிமன்றப் படியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு உள்நாட்டுப் போர். இப்போது நாற்காலிக் கணக்கு லிங்கனின் கட்சி கைக்கு வந்தது. 1862-இல் வட்டாரங்களை மாற்றி வரைந்து தெற்கின் பங்கைக் குறைத்தார்கள். 1863 மார்ச் 3-ஆம் தேதி, கலிஃபோர்னியாவையும் ஓரிகனையும் காட்டி, பத்தாவது நாற்காலி. ஒரே வாரத்தில், மார்ச் 10-ஆம் தேதி, தென்மாநிலத் துறைமுகங்களை லிங்கன் முற்றுகையிட்டது செல்லுமா என்ற வழக்கில் ஐந்துக்கு நாலு என்று அரசு தப்பித்தது. ஒரே ஒரு ஓட்டு. பத்தாவது நாற்காலி எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து புரியும்.

லிங்கன் கொல்லப்பட்ட பிறகு ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் குடியுரிமை தரும் 1866-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தைத் தடுத்தார். காங்கிரஸ் அவரை மீறி அதை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூலையில் பத்து நாற்காலியை ஏழாகக் குறைத்துச் சட்டம் வந்தது. இருக்கிறவர்கள் போகப்போகக் குறையும், ஜான்சன் யாரையும் நியமிக்க முடியாது. நீதிபதிகளின் சம்பளத்தை உயர்த்த எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்று தலைமை நீதிபதி சேஸ் விரும்பியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஜான்சன் போய் கிராண்ட் வந்த 1869-இல் அதே காங்கிரஸ் எண்ணிக்கையை மறுபடி ஒன்பது ஆக்கியது. அது என்ன கணக்கு என்று உங்களுக்கே புரியும்.

இன்றைக்கு அமெரிக்காவில் ‘ஒன்பது என்பது புனிதம், அதைத் தொடாதே’ என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆறு வருடத்துக்குள் எண்ணிக்கையை மூன்று தடவை மாற்றி, அரசியல் சண்டையில் வந்து நின்ற எண்தான் அந்த ஒன்பது. பழசாகிவிட்டால் எல்லாம் சாஸ்திரமாகிவிடுகிறது.

*

இப்போது நமக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1863-இலும் 1866-இலும் நாற்காலியைக் கூட்டியும் குறைத்தும் விளையாடியவர்கள், குறைந்தபட்சம் வெளியே தெரிந்த அளவில், அடிமைகளின் விடுதலைக்கு ஆதரவான பக்கம். அப்படியென்றால் 1869-இல் கூட்டிய நாற்காலி கறுப்பின மக்கள் கணக்கில் வரவாகியிருக்க வேண்டுமல்லவா? ஆனதா?

அந்த நாற்காலி முதலில் எதற்குப் பயன்பட்டது என்று சொல்கிறேன். பேங்க்காரனுக்கு இது ருசியான கதை. போர்ச் செலவுக்காக 1862-இல் அரசு காகிதப் பணம் அடித்தது. பின்பக்கம் பச்சை, அதனால் கிரீன்பேக் என்று பேர். அதை அடித்தவர் அன்றைய நிதித்துறைச் செயலர் சேஸ். அதே சேஸ் பிறகு தலைமை நீதிபதியாகி, 1870 பிப்ரவரி 7-ஆம் தேதி, பழைய கடனுக்குக் காகிதப் பணம் செல்லாது, தங்கமாகத்தான் தர வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். நாலுக்கு மூன்று. கடன் கொடுத்தவனுக்குக் கொண்டாட்டம், வாங்கியவனுக்குத் திண்டாட்டம். தன் கையால் அடித்த நோட்டைத் தானே செல்லாது என்று சொன்ன மனுஷன்! அதே நாளில் கிராண்ட் இரண்டு பேரை நியமனத்துக்கு அனுப்பினார். ஒருவர் ஸ்ட்ராங், இன்னொருவர் பிராட்லி. அடுத்த ஆண்டு, 1871-இல், அதே கேள்வி மறுபடி வந்தது. ஐந்துக்கு நாலு என்று நோட்டு செல்லும் ஆகிவிட்டது. பதினைந்து மாதத்தில் சட்டம் தலைகீழ். ரயில்வே கம்பெனிகள் நிம்மதியாக மூச்சு விட்டன.

கூட்டப்பட்ட ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்தவர் பிராட்லி. இந்தப் பேரை மனசில் வச்சுக்குங்க.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊர். தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்துக்குள் பாதுகாப்புத் தேடியிருந்த கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல் சுற்றி வளைத்துத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் 60-லிருந்து 150 வரை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர். 1874-இல் வட்டார நீதிமன்றத்தில் அந்த மூன்று பேர் மேலான குற்றச்சாட்டுகளும் நிற்காது என்று எழுதியவர் பிராட்லி. 1876-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பதினான்காம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கும்பலைக் கட்டுப்படுத்தாது என்பது காரணம். கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். எரிந்தவர்களுக்குச் சாட்சி போதாது, எரித்தவர்களுக்குச் சந்தேகம் போதும்.

1877-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் இழுபறியானபோது பதினைந்து பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். எட்டுக்கு ஏழு என்று முடிவு செய்த அந்தக் கடைசி ஓட்டும் பிராட்லியுடையதுதான். அந்தச் சமரசத்தோடு தெற்கில் கறுப்பின மக்களுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படை விலகிக்கொண்டது. 1883-இல், ஹோட்டலிலும் ரயிலிலும் நாடகக் கொட்டகையிலும் பாகுபாட்டைத் தடுத்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்று ரத்து செய்தார்கள். எழுதியவர் மறுபடி பிராட்லி. அடிமைத்தனத்திலிருந்து வந்தவன் என்றைக்காவது ஒரு நாள் சாதாரணக் குடிமகனாகத்தான் ஆக வேண்டும், சட்டத்தின் செல்லப்பிள்ளையாகவே இருந்துகொண்டிருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அடிமை முறை முடிந்து பதினெட்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, தோழர்களே! ‘இன்னும் எத்தனை நாளைக்கு ரிசர்வேஷன்?’ என்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே நம்மிடம் கேட்கிறானே சக ஊழியன், அவனுடைய பாட்டன் குரல் அது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஹார்லன், முன்பு அடிமை வைத்திருந்தவர் என்பது இன்னொரு விசித்திரம்.

பெரிய பாடம் இதில்தான் இருக்கிறது. விடுதலைப் பக்கம் நின்ற கட்சி, விடுதலைக்கு எதிரானவனிடமிருந்து நீதிமன்றத்தைக் காப்பாற்றியது. காப்பாற்றிய நாற்காலி ரயில்வேக்கும் பணத்துக்கும் உழைத்தது. கறுப்பின மக்களைக் கைவிட்டது. நாற்காலியை யார் கூட்டினார்கள், என்ன சொல்லிக் கூட்டினார்கள் என்பதோடு நாம் நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். அந்த மக்களுக்கு ஓட்டும் அமைப்பும் பலமாக இருந்தவரை சட்டமும் கொஞ்சம் பயந்து நடந்தது. துப்பாக்கிக் கும்பல் அந்தப் பலத்தை உடைத்த பிறகு நாற்காலி ஒன்பதோ தொண்ணூறோ, ஒன்றுதான்.

*

1937-க்கு வருவோம். இதுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. பொருளாதாரப் பெருமந்தம். ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாகச் சாய்த்தது. 1935-இல் தொழில் மீட்புச் சட்டம் போனது. 1936 ஜனவரியில் விவசாயச் சட்டம் போனது. ஜூனில், நியூயார்க் மாநிலம் பெண் தொழிலாளருக்கு வைத்த குறைந்தபட்சக் கூலியும் போனது. முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்யும் ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ கெட்டுவிடுமாம். பண்ணையாரும் பண்ணையாளும் சமமாக உட்கார்ந்து கூலி பேசுகிற சுதந்திரம்!

1936 தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ ஜெயித்தார். 1937 பிப்ரவரி 5-ஆம் தேதி திட்டத்தை வெளியிட்டார். எழுபது வயது தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் பக்கத்தில் ஒரு புது நீதிபதி, அதிகபட்சம் ஆறு பேர். ஒன்பது பதினைந்தாகும். காரணம் என்ன சொன்னார்? வயசாகிவிட்டது, வழக்கு தேங்குகிறது. உண்மைக் காரணத்தைச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. தலைமை நீதிபதி ஹியூஸ், வழக்கு எதுவும் தேங்கவில்லை என்று கணக்கோடு கடிதம் எழுதிவிட்டார். நீதிபதிகளிலேயே மூத்தவரான, எண்பது வயது பிராண்டைஸ், ரூஸ்வெல்ட் சட்டங்களுக்குப் பெரும்பாலும் இணக்கமாக ஓட்டுப் போட்டு வந்தவர். வயசு வாதம் அங்கேயே நொண்டியது.

மார்ச் 29-ஆம் தேதி, வாஷிங்டன் மாநிலத்தில் எல்சி பாரிஷ் என்ற ஹோட்டல் அறை துப்புரவுப் பெண்மணியின் வழக்கில் தீர்ப்பு. 48 மணி நேர வாரத்துக்கு 14 டாலர் 50 சென்ட் என்பது சட்டக் கூலி. ஹோட்டல் குறைத்துக் கொடுத்தது. பாக்கி 216 டாலர் 19 சென்ட் கேட்டு வழக்கு. ஐந்துக்கு நாலு என்று அவர் ஜெயித்தார். முந்தின வருடம் பெண்கள் கூலிச் சட்டத்தைச் சாய்த்த நீதிபதி ராபர்ட்ஸ் இந்தத் தடவை மாறி ஓட்டுப் போட்டார். ரூஸ்வெல்ட் மிரட்டியதால்தான் மாறினார் என்று கதை சொல்வார்கள். ஆனால் ராபர்ட்ஸ் தன் ஓட்டை 1936 டிசம்பரிலேயே, திட்டம் வெளிவருவதற்கு முன்பே போட்டுவிட்டார். 46 மாநிலத்து மக்கள் போட்ட ஓட்டு அவர் காதில் விழுந்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். மே மாதம் ஒரு பழமைவாத நீதிபதி ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஜூலை 22-ஆம் தேதி செனட் 70-க்கு 20 என்று மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பிப் புதைத்தது. சண்டையில் ரூஸ்வெல்ட் தோற்றார். ஆனால் காலியிடங்கள் வரவர எட்டுப் புதிய நீதிபதிகளை நியமித்து நீதிமன்றத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

நம்ம கணக்கு இன்னும் முடியவில்லை. நீதிமன்றத்திடமிருந்து காப்பாற்ற ரூஸ்வெல்ட் துடித்த சட்டங்கள் யாருக்கானவை? 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்பீட்டிலும், தொழிற்சங்க உரிமைச் சட்டத்திலும் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சேர்த்தியில்லை. தெற்கில் பருத்திக் காட்டிலும் வெள்ளைக்காரன் அடுப்படியிலும் இருந்தது யார்? கறுப்பின மக்கள். தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களின் ஓட்டு இல்லாமல் ரூஸ்வெல்ட்டால் சட்டம் போட முடியாது. இன்னொரு பக்கம், அதே ‘பிற்போக்கு’ நீதிமன்றம்தான் 1932-இலும் 1935-இலும் ஸ்காட்ஸ்பரோ வழக்கில், பொய்க் குற்றச்சாட்டில் சாகவிருந்த கறுப்பினப் பையன்களின் தண்டனையை ரத்து செய்தது. 1932-இல் அந்தத் தீர்ப்பை எழுதியவர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரம எதிரியான சதர்லாண்ட். ரூஸ்வெல்ட் நியமித்த முதல் ஆள் அலபாமாவின் ஹியூகோ பிளாக். அவர் ஒரு காலத்தில் கூ கிளக்ஸ் கிளான் உறுப்பினர் என்பது நியமனம் முடிந்த பிறகு அம்பலமானது. அதே பிளாக் 1940-இல், வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலத்தின் மேல் கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை கொடுக்க முடியாது என்று எழுதினார். 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த தீர்ப்பிலும் சேர்ந்தார்.

எதற்கு இவ்வளவு குழப்பத்தையும் அடுக்குகிறேன் என்றால், ‘முற்போக்கு நீதிமன்றம்’, ‘பிற்போக்கு நீதிமன்றம்’ என்று வெளியிலிருந்து ஒட்டும் லேபிளை நம்பி நாம் கணக்கை மூடிவிடக் கூடாது. வர்க்கக் கணக்கில் வரவாக இருப்பது சாதிக் கணக்கில் பற்றாக இருக்கலாம். இதை இடதுசாரித் தோழர்களிடம் நாம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*

இனி சமீபத்துக் கதை. 2016 பிப்ரவரியில் ஸ்கேலியா இறந்தார். ஒபாமா நியமித்தவரை விசாரிக்கக்கூட மாட்டோம், தேர்தல் வருடம் இது என்று குடியரசுக் கட்சி செனட் மறுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் எட்டுப் பேர்தான். சட்டம் போடாமலே ஒன்பதை எட்டாக்கிக் காட்டினார்கள். 2020 செப்டம்பரில் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது பேரட்டை 52-க்கு 48 என்று உட்கார வைத்தார்கள். அப்போது தேர்தல் வருடம் என்பது மறந்துபோனது. ஆறுக்கு மூன்று ஆனது. 2021 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியினர் சிலர் பதின்மூன்று மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ‘நீதிமன்றத்தை நிரப்பும் சதி’ என்று குடியரசுக் கட்சி கத்தியது. அதே கட்சி ஆளுநர்கள்தான் 2016-இல் அரிசோனாவில் மாநில உச்ச நீதிமன்றத்தை ஐந்திலிருந்து ஏழாகவும், ஜார்ஜியாவில் ஏழிலிருந்து ஒன்பதாகவும் கூட்டினார்கள்.

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா? மசோதாவை அவையின் ஓட்டுக்கு விடும் எண்ணம் இல்லை என்று அந்தக் கட்சியின் சபாநாயகர் பெலோசியே சொல்லிவிட்டார். பைடன் ஒரு ஆணையம் போட்டார். அது டிசம்பரில் பெரிய அறிக்கை கொடுத்து, கூட்டலாமா கூடாதா என்பதில் தன் நிலைப்பாட்டைச் சொல்லாமலே முடித்துக்கொண்டது. கோபமாக இருக்கிற ஆதரவாளர்களுக்கு ஒரு கொடி, நிதானமாக இருக்கிறவர்களுக்கு ஒரு கமிட்டி. நம்ம ஊர்க் கட்சிகளைப் பார்த்த நமக்கு இது புதுசா?

ஆனால் கறுப்பின மக்கள் இழந்தது நிஜம். தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பாதுகாப்பை 2013-இல் ஐந்துக்கு நாலு என்று முடக்கினார்கள். 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இன அடிப்படையிலான முன்னுரிமையை ஒழித்தார்கள். ஒழித்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ். 1967-இல் முதல் கறுப்பின நீதிபதியாக வந்த தர்குட் மார்ஷல், வாழ்நாளெல்லாம் பிரிவினைக்கு எதிராக வாதாடியவர். அவர் விட்டுப்போன நாற்காலியில் 1991-இல் உட்கார்ந்தவர் இந்தத் தாமஸ். ஒரே நாற்காலி, ஒரே நிறம், வேறு கணக்கு.

*

‘இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

நம்ம உச்ச நீதிமன்றத்தின் எண்ணிக்கையையும் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் கூட்டலாம். 1950-இல் தலைமை நீதிபதியோடு எட்டு. 1956-இல் 11, 1960-இல் 14, 1977-இல் 18, 1986-இல் 26, 2009-இல் 31, 2019-இல் 34. ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம் வழக்குத் தேக்கம். இங்கே தேக்கம் பொய்யில்லை. அரசியல் வேறு வாசலில் நுழைந்தது. 1970-இல் பேங்க் தேசியமயச் சட்டத்தைப் பத்துக்கு ஒன்று என்று ரத்து செய்தார்கள். மறுத்து எழுதிய அந்த ஒருவர் ஏ.என். ரே. 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி அவரையே தலைமை நீதிபதி ஆக்கினார் இந்திரா காந்தி. நீதிபதியின் சமூகப் பார்வையையும் பார்த்துத்தான் நியமிப்போம் என்று நாடாளுமன்றத்தில் நின்று வாதாடியவர் நம்ம மோகன் குமாரமங்கலம். நாற்காலியைக் கூட்டவில்லை, வரிசையைக் கலைத்தார்கள். பேங்க் தேசியமயத்தால்தான் என்னைப் போன்றவனெல்லாம் கவுன்ட்டருக்கு உள்பக்கம் வந்து உட்கார முடிந்தது. அதற்காக அந்த வரிசை கலைத்தலைக் கொண்டாட என்னால் முடியவில்லை. நெருக்கடி நிலையில், 1976-இல், சிறையில் இருப்பவன் உயிருக்குக்கூட நீதிமன்றத்திடம் போக முடியாது என்று சொன்ன அமர்வுக்குத் தலைமை அதே ரே.

எட்டு, பதினொன்று, பதினாலு, பதினெட்டு என்று நாற்காலி கூடிக்கொண்டே போனதே, அதில் நாம் எப்போது உட்கார்ந்தோம்? 1980 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன ஏ. வரதராசன். முப்பது வருடம் கழித்து முதல் தலித் நீதிபதி. தலைமை நீதிபதி நாற்காலிக்கு கே.ஜி. பாலகிருஷ்ணன் வந்தது 2007-இல், பி.ஆர். கவாய் வந்தது 2025-இல். 2014-இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் கொண்டுவந்தபோது, ஆறு உறுப்பினர்களில் ஒருவர் தலித், பழங்குடி, பிற்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகிய இத்தனை பேரில் யாராவது ஒருவராக இருப்பார் என்றார்கள். நாட்டின் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு நாற்காலி! 2015-இல் நீதிபதிகள் அந்தச் சட்டத்தையே ரத்து செய்து அதிகாரத்தைத் தங்கள் கொலிஜியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தலைமை நீதிபதியும் நம்மைப் போலவே பலவீனங்களும் மனச்சாய்வும் உள்ள மனிதர்தான், நியமனத்தில் அவர் கையில் மறுப்பதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று 1949 மே மாதமே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அரசாங்கத்தின் கையில் முழுசாகக் கொடுப்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள்கிறவனும் வேண்டாம், அங்கி போட்டவனும் தனியாக வேண்டாம் என்ற அந்த இடத்தில்தான் நாமும் நிற்க வேண்டும்.

2018 மார்ச் 20-ஆம் தேதி, வெறும் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். கைது செய்ய முன் அனுமதி, வழக்குப் பதிய முன் விசாரணை. ஏப்ரல் 2-ஆம் தேதி நாடு முழுக்க நம்ம ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். வடமாநிலங்களில் உயிர்களைப் பலி கொடுத்தோம். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் நமக்கு வரவு எழுதிக் கொடுத்தது தெருவில் நின்ற ஜனங்கள்தான்.

அதனால், நாளைக்கு யாராவது நீதிபதிகளைக் கூட்ட வேண்டும் என்று வந்தால், அங்கேயானாலும் இங்கேயானாலும், ‘ஐயோ அரசியல்’ என்று நாம் அலற வேண்டியதில்லை. அரசியல் இல்லாத எண் எதுவும் கிடையாது. எந்தத் தீர்ப்பை மாற்ற இதைக் கேட்கிறாய், அந்தத் தீர்ப்பால் இன்றைக்கு ஓட்டையும் கூலியையும் படிப்பையும் இழந்து நிற்பவர் யார், புது நாற்காலிக்கு ஆள் பொறுக்குகிற அறையில் அவருக்கு இடம் உண்டா என்று கேட்போம். பதில் சரியாக இருந்தால் ஆதரிப்போம். ஆதரித்த பிறகும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டாம். 1869-இல் கூட்டிய நாற்காலியில் பிராட்லி வந்து உட்கார்ந்ததை மறக்காமல் இருப்போம்.

ஜெய் பீம்.